5000 பிபிஎம் பற்பசை: பசையில் குறையில்லை, கொப்பளிப்பதில் போகிறது

"அம்மாவுக்குப் பல்லின் வேர் சொத்தையாகுது. டாக்டர் 5000 பசை எழுதிக் கொடுத்திருக்கார், பலன் இருக்குமா?" என்று தோழி கேட்டாள். இது பல காலமாக அந்தப் பசை புழங்கும் வீட்டின் பதில்.

வழக்கமான பசையில் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம்தான் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு). ஈறு இறங்கி வெளியே தெரியும் வேருக்கு எனாமல் கிடையாது. லேசான அமிலத்துக்கே கரையும். ரத்த அழுத்த மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை சிலவற்றால் எச்சிலும் வற்றினால் சாதாரணப் பசை பல நேரம் ஈடுகொடுக்காது. 5000 பிபிஎம் ஈடுகொடுக்கிறது. டாக்டரின் கருவி பட்டால் தோல்போல மெத்தென்றிருந்த ஈறோரப் பழுப்பு, சில மாதங்களில் கெட்டியாகிப் பளபளக்கும். நிறம் வெளுக்காது, இன்னும் கறுக்கவும் கூடும். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். கெட்டியான கறுப்பு நல்ல சேதி.

ஆற்றாமையெல்லாம் கொப்பளிப்பதில்தான். துலக்கியதும் வாய் நிறையத் தண்ணீர் பிடித்து நாலு முறை கொப்பளித்தால்தான் நம் பெரியவர்களுக்குப் பல் துலக்கிய திருப்தி. அதோடு ஃப்ளோரைடும் சிங்க்கில் போகிறது. "குழாய்த் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு இருக்கே" என்பார்கள். சிங்கப்பூர்த் தண்ணீரில் இருப்பது 1 பிபிஎம்முக்கும் குறைவு. 5000-ஐக் கழுவிவிடத்தான் அது உதவும். நுரையைத் துப்பலாம், கொப்பளிக்கக் கூடாது, அரை மணி நேரம் எதுவும் குடிக்கவும் கூடாது. இதை நான்கு மொழிகளிலும் பெட்டியின் முகப்பில் பெரிதாகப் போட வேண்டாமா? பொடி எழுத்து எழுபது வயதுக் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

இரவு மாத்திரையும் இப்படித்தான். துலக்கிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கினால், அதுவும் கொப்பளித்த கணக்கே. மாத்திரை முதலில், பசை கடைசியில்.

அளவு 2 செ.மீ., சுமார் மூன்று நிமிடம், டாக்டர் சொல்லியிருந்தால் தினம் மூன்று வேளை. அப்படிப் போட்டால் 51 கிராம் டியூப் மாதம் தாங்காது. மூடி சிறியது, மூட்டுவலி விரலுக்கு அதில் ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுங்கள். கழற்றும் பல்செட் இருந்தால், அதன் கம்பி பிடிக்கும் பல்லின் கழுத்தில் பிரஷ் கூடுதலாக நிற்கட்டும். சொத்தை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

வாங்குங்கள். ஆனாலும் பெட்டியின் பொடி எழுத்துக்கும் சின்ன மூடிக்கும் 5-க்கு 2 மதிப்பெண்தான் கொடுப்பேன். கோப்பிக்கடையில் மதியம் முழுக்க இனிப்புத் தேயை மிடறு மிடறாகக் குடிப்பவருக்கு இந்தப் பசையும் போதாது. ஒவ்வொரு மிடறும் மறுபடி அமிலத்தைக் கிளப்பும். தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) பழகட்டும். முடியாதென்றால் இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளட்டும்.

பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் டியூப்பை மேல் அலமாரியில் வையுங்கள். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு இது ஆகாது.