கணக்குப் பாடத்துக்கு வாட்ஸ்அப் குரல்பதிவு: ஓர் ஆசிரியையின் அனுபவ மதிப்புரை

கொரோனா ஊரடங்கில் பாடம் நடத்த நான் கையில் எடுத்தவை மூன்று. காணொளி வகுப்புச் செயலி ஒன்று, கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப் குரல்பதிவு. என் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பெரும்பாலும் மூன்றாவதுதான். அதைப் பற்றி ஆசிரியர்கள் யாரும் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். 2020 ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வந்தவர்கள் 38 பேர். எல்லோரும் காணொளி வகுப்பு எடுக்கிறார்களே என்று நானும் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். அதில் நான்கு பேரின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. செயலியின் இலவசப் பதிப்பு என்பதால் நாற்பது நிமிடத்தில் வகுப்பு தானாகத் துண்டித்துக்கொண்டது. மறுபடி இணைந்தபோது ஐந்து பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் கேட்டேன். பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான்: இணைய வசதியுள்ள கைபேசி அப்பாவிடம் இருக்கிறது, அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், இரவு எட்டு மணிக்குமேல்தான் வருவார். பத்து மணி வகுப்பு அந்தப் பிள்ளைகளுக்கு எந்த வகையிலும் கிடைக்காது. இரண்டு வாரத்தில் அதை நிறுத்திவிட்டேன்.

கல்வித் தொலைக்காட்சியைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட அலைவரிசை, ஊரடங்கு வந்தபோது ஏற்கெனவே கைவசம் இருந்தது. அரசு கேபிளில் 200-ஆம் எண். எங்கள் ஊரில் கைபேசி இல்லாத வீட்டிலும் தொலைக்காட்சி இருக்கிறது. முன்பு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி இன்னும் ஓடும் வீடுகள்கூட உண்டு. கைபேசியே இல்லாத ஏழு பேருக்கு அதுதான் வகுப்பறை. ஆனால் தொலைக்காட்சி எதுவானாலும், கேள்வி கேட்டால் பதில் சொல்லாது. கணக்கில் ஒரு வரி புரியாமல் போனால் அடுத்த பத்து வரியும் போய்விடும். அதனால் இந்த ஏழு பேருக்கும் வாரம் ஒருமுறை ஊருக்குப் போய்த் தாள்கள் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி குரல்பதிவு. நான் செய்த முறை இது. கோடு போடாத வெள்ளைத் தாளில் ஒரு கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் சிவப்பு மையில் எண் போடுவேன். அதைப் படம் எடுத்துக் குழுவில் அனுப்பிவிட்டு, கீழே மூன்று நிமிடம் பேசி அனுப்புவேன். "இரண்டாம் வரியைப் பாருங்கள், ஆறை வலப்பக்கம் கொண்டுபோயிருக்கிறேன், குறி மாறியிருக்கிறது" என்று எண் சொல்லிச் சொல்லிப் பேச வேண்டும். காணொளிக்கு ஆகும் இணைய டேட்டாவில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது. ஒற்றைக் கோடு சிக்னலிலும் போய்ச் சேர்ந்துவிடும். பிள்ளை இரவு ஒன்பது மணிக்குக் கேட்கலாம், ஒரே இடத்தை ஆறு தடவை கேட்கலாம். அனுப்பிய பதிவை அழுத்திப் பிடித்துத் தகவலைத் திறந்தால் யார் யார் வீட்டில் கேட்டிருக்கிறார்கள் என்றும் தெரியும். வருகைப் பதிவேடாக அதைத்தான் வைத்துக்கொண்டேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் ஒரு வார்த்தை பேசாத பெண் ஒருத்தி இருந்தாள். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வர்க்கப் பூர்த்தி முறையை அனுப்பிய அன்று இரவு அவளிடமிருந்து 22 வினாடிக் குரல்பதிவு வந்தது. பின்னால் அவள் அம்மா புளி தட்டும் சத்தம், சீராக, டொக் டொக்கென்று. அதற்கு நடுவே ரகசியம் சொல்வது போன்ற குரல்: "டீச்சர், நான்காம் வரியில் பாதியை வர்க்கம் செய்து கூட்டுகிறீர்கள். இந்தப் பக்கம் கூட்டினால் போதாதா? அந்தப் பக்கமும் ஏன் கூட்டுகிறீர்கள்?" 38 பேரில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். புளி எடை போடும் தராசையே எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன். ஒரு தட்டில் மட்டும் படிக்கல் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டேன். மறுநாள் அவளே போட்ட மூன்று கணக்குகள் படமாக வந்தன. வகுப்பில் கையைத் தூக்க ஐம்பது கண்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. இருட்டில் கைபேசியை வாயருகே வைத்துக் கேட்பது அவளுக்கு எளிதாக இருந்திருக்கிறது. பத்தொன்பது ஆண்டு ஆசிரியப் பணியில் இதை நான் கவனிக்கத் தவறியிருக்கிறேன் என்பது எனக்கு வருத்தமே.

குரலுக்கு எட்டாதவையும் உண்டு. வடிவியல் வரைதலைப் பேசிச் சொல்லிக்கொடுக்க முடியாது. வட்டத்துக்குத் தொடுகோடு வரைய, கவராயத்தை எங்கே பிடிப்பது, ஊசிமுனையை எவ்வளவு அழுத்துவது என்பதெல்லாம் விரலுக்குச் சொல்ல வேண்டியவை. 2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்ததும் நான் முதலில் எடுத்தது கவராயத்தைத்தான். பாதிப் பேருக்கு வட்டம் மூடவே இல்லை. விலை குறைந்த கைபேசிகளில் இடம் நிறைந்து பழைய பாடங்களை அழித்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஆசிரியருக்கு இரவு பதினொரு மணி வரை ஓய்வில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குரல்பதிவை வேகத்தைக் கூட்டிக் கேட்கும் வசதி வாட்ஸ்அப்பில் 2021-இல் வந்தது. கணக்குக்கு அதைத் தொடவே வேண்டாம் என்று அடுத்த ஆண்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

உடல்நலமில்லாமல் நாள்கணக்கில் பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு இன்றும் இதே முறையில்தான் பாடம் அனுப்புகிறேன். முயன்று பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: மூன்று நிமிடத்தைத் தாண்டாதீர்கள், ஒரு பதிவில் ஒரு கணக்குதான். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். "இதை", "அதை" என்று சொல்லாமல் வரி எண்ணைச் சொல்லுங்கள். கடைசியில் பிள்ளைகளின் குரலிலேயே ஒரு கேள்வியாவது அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்; எழுதி அனுப்பச் சொன்னால் பலர் அனுப்பமாட்டார்கள்.