ஃபார் சர்க்கஸ், சியெம் ரீப்: டிக்கெட் காசு பள்ளிக்குப் போகிறது

கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்க்க சியெம் ரீப் நகருக்குப் போகிறவர்கள் ஒரு மாலையை இந்த சர்க்கஸுக்கு ஒதுக்குங்கள். அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்களும் அவர்களின் ஓவிய ஆசிரியையும் 1994-இல் பட்டம்பாங் நகரில் தொடங்கிய தொண்டு நிறுவனம் ஃபார் பொன்லூ செல்பாக். ஏழைப் பிள்ளைகளுக்கு ஓவியம், இசை, சர்க்கஸ் சொல்லித்தருகிறது. கற்றவர்களுக்கு வேலை வேண்டுமே? அதற்காகவே 2013-இல் சியெம் ரீப்பில் இந்தக் கூடாரம்.

மிருகங்கள் கிடையாது, கம்போடிய வாழ்க்கைக் கதைதான், வாத்திய இசையும் நேரடிதான். தோள்மேல் தோளாக ஏறும்போது கீழே நிற்பவரின் கால் தசை துடிப்பது முன்வரிசைக்குத் தெரியும். அபாரமான உழைப்பு!

தெருவில் விற்கும் சிறுவனிடம் வாங்கினால் அவன் வகுப்புக்குத் திரும்புவது கடினம். இங்கே தரும் பணமோ கலைஞரின் சம்பளமாகவும் பள்ளிச் செலவாகவும் மாறுகிறது. டிக்கெட்டை நேரடியாகவே வாங்குங்கள். தரகர் கமிஷன் குறையும். கதைகள் மாறி மாறி வரும், அன்றைக்கு எது என்று பார்த்துப் பதியுங்கள்.