பேரீச்சம்பழக் குப்பியும் அறுகோணக் குப்பியும்: ரோமானியக் கண்ணாடி நகல்கள் இரண்டு

ரோமப் பேரரசுக் காலத்துக் கண்ணாடிப் பொருள்களை நகலெடுத்து விற்கும் ஐரோப்பியப் பட்டறை ஒன்றிலிருந்து இரண்டு குப்பிகளை வரவழைத்து, மூன்று மாதங்களாக மேசைமேல் வைத்துப் பார்த்துவருகிறேன். ஒன்று பேரீச்சம்பழ வடிவிலானது. மற்றது ஆறு பக்கங்களிலும் புடைப்பு அலங்காரம் கொண்டது. இரண்டும் உள்ளங்கையில் அடங்குபவை. முதலாவதை மனமாரப் பரிந்துரைப்பேன். இரண்டாவதை இப்போதுள்ள நிலையில் பரிந்துரைக்க இயலவில்லை.

காரணம் விளங்க, மூலக் குப்பிகள் உருவான விதத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். கண்ணாடியை ஊதி உருவாக்கும் முறை கி.மு. முதல் நூற்றாண்டில் கிழக்கு மத்தியதரைக் கடற்கரைப் பகுதியில் தோன்றியது. கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதிக்குள், ஊதுகுழலின் முனையிலுள்ள கண்ணாடிக் குமிழை அலங்காரம் குடைந்த அச்சுக்குள் இறக்கி ஊதவும் கற்றுவிட்டார்கள். வடிவமும் அலங்காரமும் ஒரே மூச்சில் பதிந்துவிடும். அச்சு பல துண்டுகளால் ஆனது என்பதால், அவை கூடும் இடங்களில் குப்பியின்மேல் மெல்லிய பொருத்துக்கோடு விழுந்தே தீரும். அதை எங்கே மறைப்பது என்பதில்தான் கைவினைஞரின் தேர்ச்சி தெரியும். இன்றைய லெபனானிலுள்ள சீதோன் நகரோடு தொடர்புபடுத்தப்படும் அக்காலக் கண்ணாடிக் கைவினைஞர் என்னியோன், ‘என்னியோன் செய்தார்’ என்று கிரேக்க எழுத்தில் தம் பெயரை அச்சிலேயே பொறித்தவர். அவருடைய கிண்ணங்களிலும் சாடிகளிலும் அந்தக் கோடு கொடிகளுக்கும் இலைகளுக்கும் இடையே கலந்துபோகும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2014இல் அவருக்கென்றே கண்காட்சி நடத்தியதில் வியப்பில்லை.

பேரீச்சம்பழக் குப்பி அந்த மரபை மதித்துச் செய்யப்பட்டிருக்கிறது. மூலக் குப்பிகளின் சுருக்கங்கள் மிக இயல்பாக இருப்பதால், அவற்றின் அச்சுகளை உண்மையான பழத்தின்மேல் களிமண்ணையோ சாந்தையோ அப்பி எடுத்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. இந்த நகலிலும் ஒரு சுருக்கம்போல் மற்றொன்று இல்லை. தேன் நிறம் கலந்த பழுப்புக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தால் நுண்குமிழிகள் தெரிகின்றன. இரு பக்கக் கோடுகளும் சுருக்கங்களுக்குள் ஒளிந்திருப்பதால், விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். கழுத்தை அச்சுக்கு வெளியே கையால் இழுத்து, விளிம்பை உள்நோக்கி மடித்திருக்கிறார்கள். வாய் இம்மியளவு கோணலாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அடி உருண்டையாக இருப்பதால் குப்பி தானாக நிற்காது. சிறு தாங்கி ஒன்றைச் சேர்த்து அனுப்பியிருக்கலாம்.

அறுகோணக் குப்பியில் மாதுளை, திராட்சைக் கொத்து, சாடி ஆகிய உருவங்கள் தெளிவாகவே விழுந்திருக்கின்றன. நிறமும் சரியானதே: மணலிலுள்ள இரும்பு தரும் அந்த நீலப்பச்சை. ஆனால் அறுகோண வடிவம், கோட்டை மறைக்க ஆறு விளிம்புகளைத் தானாகவே தந்திருக்க, இவர்கள் அச்சை மாதுளையின் நடுவிலேயே பிரித்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அங்கே எழுந்த கோட்டைச் சாணையில் தேய்த்து அகற்ற முயன்றதால், பழத்தின் குறுக்கே மங்கலான பட்டை ஒன்று விழுந்து, நெருப்பில் பிறந்த கண்ணாடிக்குரிய பளபளப்பு அந்த இடத்தில் மட்டும் செத்துக் கிடக்கிறது. தேய்க்காமல் விட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

பொதி கட்டிய விதத்தில் குறையில்லை. இத்தகைய நகல்களை வாங்க விரும்புவோர், முன்பக்கப் படத்தை மட்டும் நம்பாமல், பொருத்துக்கோடு விழுந்திருக்கும் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே பணம் அனுப்புங்கள்.