உங்கள் பசங்களை ஏஜென்ட் கணக்கில் மாற்றிவிடாதீர்கள்: கார்பெட் வாஷ், ஹவுஸ்கீப்பிங் தொழிலில் இருப்பவர்கள் கவனத்துக்கு

சென்னையில் சோபா, கார்பெட் வாஷ் செய்கிற சின்னக் கடை என்னுடையது. ஒன்பது வருடமாக நடத்துகிறேன். போன வருடம் ஜூன் மாதத்திலிருந்து டிசம்பர் வரை ஆள் சப்ளை செய்கிற ஒரு மேன்பவர் ஏஜென்ட்டை நம்பி, பணத்தையும் விட்டேன், நாலு வருடமாக என் கூடவே இருந்த ஒரு நல்ல வேலைக்காரனையும் விட்டேன். பணம் போனது கூட ஆறிவிட்டது. அந்தப் பையன் போனதுதான் இன்னும் ஆறவில்லை. நம் லைனில் இருக்கும் வேறு யாரும் இதே பள்ளத்தில் விழக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

முதலில், நம் தொழிலில் ஆள் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஓஎம்ஆர் பக்கம் இருக்கிற ஆபீஸ்களில் கார்பெட் வேலை என்றால் ராத்திரிதான் உள்ளே விடுவார்கள். ஒன்பது, பத்து மணிக்கு மிஷினை இறக்கினால் விடிகாலை வரைக்கும் குனிந்தபடியே வேலை. காலை ஷிப்ட் ஆட்கள் வருவதற்குள் கார்பெட் காய்ந்திருக்க வேண்டும், அதனால் தண்ணீர் விடுகிற அளவும் உறிஞ்சி எடுக்கிற வேகமும் கை அறிந்து செய்ய வேண்டும். தண்ணீர் அதிகமாகிவிட்டால் அடியில் ஈரம் தங்கி, இரண்டு நாளில் பழுப்பாகக் கறை மேலே வரும், கூடவே நாற்றம். இதெல்லாம் சொல்லிக்கொடுத்து ஒரு பையன் தனியாக ஒரு தளத்தைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் ஆகிறது. அந்த மூன்றாவது மாதம்தான் "அண்ணே, சாப்பாடு டெலிவரி வேலைக்குப் போறேன், பகல்ல ஓட்டலாம்" என்று சொல்வான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

என்னிடம் அப்போது நிலையாக நாலு பேர். அதில் மூத்தவன் விழுப்புரம் பக்கத்துப் பையன். கம்பளக் கார்பெட்டைத் தொட்டுப் பார்த்தே சாயம் ஓடுமா ஓடாதா என்று சொல்லிவிடுவான். சொன்ன பிறகும் வெள்ளைத் துணியை நனைத்து ஒரு மூலையில் அழுத்திப் பார்க்காமல் மிஷினை வைக்கமாட்டான். அப்படி ஒரு கை.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய ஆபீஸ் வேலை கிடைத்தது. அவர்கள் போட்ட நிபந்தனை, மாதாமாதம் பில்லோடு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்டிய சலானும் வைக்க வேண்டும் என்பது. பத்துப் பேர் இருந்தால்தான் இஎஸ்ஐ, இருபது பேர் இருந்தால்தான் பிஎஃப் கட்டாயம். என்னிடம் இருந்ததோ நாலு பேர். என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தவர் ஒருவர் மூலமாக இந்த ஏஜென்ட் வந்தார். பேச்சு அவ்வளவு பக்குவம். "உங்க பசங்களை என் ரோல்ல போட்டுடுங்க சார், பிஎஃப், இஎஸ்ஐ, சம்பளம் எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க மாசம் ஒரு பில் கட்டினா போதும். சீசன்ல எக்ஸ்ட்ரா ஆளும் தர்றேன், எல்லாம் டிரெயினிங் முடிச்ச பசங்க." பசங்களுக்கும் இஎஸ்ஐ கிடைக்குமே, பிஎஃப்-இல் நாலு காசு சேருமே என்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். நானே நாலு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். மூத்தவன் மட்டும் "நீங்களே குடுத்துட்டு இருந்தீங்களே அண்ணே, எதுக்கு நடுவுல ஒருத்தர்?" என்று கேட்டான். நான்தான் பேசிச் சம்மதிக்கவைத்தேன்.

கணக்கை அப்படியே வைக்கிறேன், பாருங்கள். ஒருவருக்குச் சம்பளம் 18,000. அதில் பிஎஃப்-க்கு எடுத்துக்கொள்ளும் தொகை 15,000. முதலாளி பங்கு மற்ற கட்டணங்களோடு சேர்த்து 13 சதவீதம், 1,950. இஎஸ்ஐ முதலாளி பங்கு 3.25 சதவீதம், 585. ஏஜென்ட்டின் சர்வீஸ் சார்ஜ் 1,500. இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 3,966. ஆக ஒரு ஆளுக்கு மாதம் 26,000 ரூபாய் நான் கட்டினேன். பையன் பக்கம் பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 135 பிடித்துக்கொண்டு கையில் 16,065 கொடுத்தார்கள். அதாவது அரசாங்கத்துக்குக் கட்டுகிறேன் என்று சொல்லி ஒவ்வொரு ஆள் பேரிலும் மாதம் 4,470 ரூபாய் அவர் கையில் தங்கியது. நாலு பேர், ஏழு மாதம், 1,25,160 ரூபாய். ஒரு பைசா கட்டவில்லை.

சம்பளம் முதலில் ஐந்தாம் தேதி வந்தது. அப்புறம் பத்து, அப்புறம் பதினாறு. நான் ஒன்றாம் தேதியே ஏஜென்ட்டுக்குப் போட்டுவிடுவேன். பசங்க என்னிடம் கேட்டால் நான் அவருக்குப் போன் போடுவேன், அவர் "பேங்க்ல டெக்னிக்கல் இஷ்யூ சார்" என்பார். முன்பெல்லாம் அவசரத்துக்கு இரண்டாயிரம் வேண்டும் என்றால் என்னிடம் உரிமையாகக் கேட்பார்கள், கொடுப்பேன், சம்பளத்தில் கழித்துக்கொள்வேன். இப்போது ஏஜென்ட்டைக் கேள் என்று நானே சொல்லும்படி ஆனது. ஆள் நிற்பதற்கும் போவதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தீபாவளி சீசனுக்கு மூன்று பேர் கேட்டேன். ஆளுக்குப் பத்தாயிரம் அட்வான்ஸ் என்று முப்பதாயிரம் வாங்கினார். வந்தவர்களில் இரண்டு பேர் நாலாவது நாள் காணவில்லை. மூன்றாமவன் இருந்து செய்தது இன்னும் மோசம். பெசன்ட் நகரில் ஒரு வீடு, வயதான அம்மா, அவர்கள் கல்யாணத்துக்கு வந்த காஷ்மீர் கம்பளம். காபிக் கறை போகவில்லை என்று இவன் பாத்ரூம் கழுவ வைத்திருந்த பிளீச்சை எடுத்து ஊற்றியிருக்கிறான். பிளீச் கம்பளியைக் கரைத்துவிடும், இது நம் தொழிலில் முதல் நாள் பாடம். நான் போய்ப் பார்க்கும்போது கை அகலத்துக்கு மஞ்சள் பூத்து, விரலால் தொட்டால் நூல் நனைந்த பஞ்சு மாதிரி கையோடு வருகிறது, கீழே இருக்கிற பருத்தி நூல் மட்டும் பல் இளித்துக்கொண்டு தெரிகிறது. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நாற்பதாயிரம் கொடுத்தேன், வேண்டாம் என்றவர்களிடம் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். ஏஜென்ட்டைக் கேட்டால் "மெட்டீரியல் டேமேஜ் அக்ரிமென்ட்ல இல்ல சார்" என்றார். எடுத்துப் பார்த்தேன், உண்மைதான், இல்லை.

அப்போதே விட்டிருக்க வேண்டும். சீசன் முடியட்டும் என்று இழுத்தேன்.

டிசம்பரில் மூத்தவன் படிக்கட்டில் மிஷினை இறக்கும்போது கால் பிசகி விழுந்தான். சர்வீஸ் லிஃப்ட் அன்றைக்கு ஓடவில்லை. கணுக்கால் எலும்பில் முறிவு. இஎஸ்ஐ மருந்தகத்துக்கு நானே கூட்டிப்போனேன். அவன் போன் கவருக்குப் பின்னால் இருந்து ஒரு அட்டையை எடுத்தான். ஏஜென்ட் கொடுத்த தாளை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, ஓரம் வெட்டி, ஏழு மாதமாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். கவுன்டரில் இருந்தவர் அந்த நம்பரை இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு நம்பரே இல்லை என்றார். இஎஸ்ஐ காப்பீட்டு எண் பத்து இலக்கம். அட்டையில் இருந்தது ஒன்பது. எண்ணிக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறோம், அவனும் நானும்.

அவன் என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் காட்டி முழுச் செலவையும் நான் ஏற்றேன், இரண்டு மாதச் சம்பளமும் கொடுத்தேன். கால் சரியானதும் வேறு ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். "உங்க மேல கோபம் இல்லண்ணே, ஆனா அன்னைக்கே கேட்டேன்ல" என்றான்.

அவன் விழுந்த அதே வாரம் ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்தேன். ஏஜென்ட்டின் முதல் இரண்டு மாத பில் மட்டும்தான் ஜிஎஸ்டி 2பி-யில் (பில் போட்டவர் தாக்கல் செய்தது நமக்குத் தெரிகிற பட்டியல்) வந்திருக்கிறது. மீதி ஐந்து மாதம் வரவே இல்லை. அதாவது நான் கட்டிய வரியில் 79,000-க்கு மேல் எனக்குக் கழிவாகக் கிடைக்காது. 33-இல் தொடங்கும் அவர் ஜிஎஸ்டி நம்பரைப் போர்ட்டலில் போட்டால் பதிவே ரத்தாகிக் கிடக்கிறது. ஆடிட்டர் ஆபீஸில் செப்டம்பரிலேயே என்னிடம் கேட்டிருக்கிறார்கள், ஏஜென்ட் "அடுத்த மாசம் சேத்து ஃபைல் பண்றேன்" என்றதை நம்பி நான் விட்டுவிட்டேன். பொங்கல் முடிந்து அவர் ஆபீஸுக்குப் போனால் டு-லெட் பலகை தொங்குகிறது.

பிஎஃப் சலான் மாதாமாதம் கொடுத்தாரே என்று கேட்பீர்கள். கொடுத்தார். 61 பேருக்கு மொத்தமாகக் கட்டியது போல ஒரு பக்கம். அந்த 61 பேரின் பெயர்ப் பட்டியலை நான் ஒருமுறை கூடக் கேட்கவில்லை. சலானோடு ஈசிஆர் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் ஒவ்வொருவர் பெயரும், 12 இலக்க யுஏஎன் நம்பரும் (ஆளுக்கான பிஎஃப் அடையாள எண்), கட்டிய தொகையும் வரிவரியாக இருக்கும். அதை வாங்குங்கள். வாங்கினால் மட்டும் போதாது, பையனின் போனிலேயே அரசாங்கத்தின் உமங் ஆப்பில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, போன மாதத் தொகை ஏறியிருக்கிறதா என்று அவன் பக்கத்தில் நின்று பாருங்கள். இந்த மாதத்துக்கானதை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், இஎஸ்ஐ-க்கும் அதே தேதிதான். "ஆதார் லிங்க் ஆகல" என்று ஏஜென்ட் இரண்டாவது மாதமும் சொன்னால் மூன்றாவது மாதம் பணம் போடாதீர்கள். இன்னொன்று, உங்கள் கடை பிஎஃப்-இல் பதிவாகியிருந்தால், ஒப்பந்தக்காரர் கட்டாமல் விட்டதை உங்களிடமே வசூலிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

இப்போது நானே விருப்பப் பதிவாக பிஎஃப் கோடு எடுத்திருக்கிறேன். ஆள் குறைவாக இருந்தாலும் முதலாளியும் ஆட்களும் சம்மதித்தால் எடுக்கலாம், இதை முன்பே யாரிடமாவது கேட்டிருந்தால் பிஎஃப்-க்காவது ஏஜென்ட் தேவைப்பட்டிருக்காது. சம்பளம் ஒன்றாம் தேதி என் கணக்கிலிருந்து நேராக அவர்கள் கணக்குக்குப் போகிறது.

அந்த நாலு பேரிடம் ஏழு மாதம் பிடித்தது ஆளுக்கு 13,545 ரூபாய். அதை என் கையிலிருந்து தவணையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மூத்தவனுக்கு இரண்டு தவணை போட்டாயிற்று, மீதி ஆடிக்குள் போட்டுவிடுவேன். போலீஸிலும் பிஎஃப் குறைதீர்ப்பு தளத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன். சென்னையில் இதே மாதிரி ஒன்பது இலக்க இஎஸ்ஐ அட்டை வாங்கிய பசங்க உங்களிடம் இருந்தால், அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒரு கடைக்காரன் கொடுத்த புகாராக இருப்பதைவிட பத்து கடைக்காரர்கள் சேர்ந்து கொடுத்ததாக இருந்தால் நகரும் என்று ஸ்டேஷனிலேயே சொன்னார்கள்.