வீடு முழுக்க கிறிஸ்துமஸ் சீரியல் செட்: பல வருடம் கட்டிப் பார்த்த அனுபவம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வெளியே கட்டுகிற கிறிஸ்துமஸ் சீரியல் செட்டில் பல்பு எரிந்து போவது குறைவு. இணைப்பில் தண்ணீர் இறங்கித்தான் பெரும்பாலும் போகிறது. கடையில் நாம் பார்ப்பதோ எத்தனை பல்பு, எத்தனை நிறம், எத்தனை விதமாக மின்னும் என்பதை. நாலைந்து சீசன் உழைக்குமா என்பதை ஒயரின் தடிமனும், பல்பு உட்காரும் ஹோல்டரும், பிளக்கின் வாயும்தான் சொல்லும். கூரை விளிம்பு, ஜன்னல், வாசல் தூண், தோட்டத்து மரம் என்று குடும்பமாகச் சேர்ந்து வருடா வருடம் கட்டுகிறோம். இழை பல்பு, எல்இடி, இப்போது ஒவ்வொரு பல்பையும் தனியாக இயக்கக்கூடிய பிக்சல் என்று மூன்றையும் பார்த்தாயிற்று.

இழை பல்பின் அந்த இதமான மஞ்சளுக்கு என் கண்ணில் இன்றும் ஈடு இல்லை. ஆனால் கரண்ட்! சி9 என்கிற பெரிய குமிழ் ஒன்றே 7 வாட். 25 பல்பு உள்ள ஒரு சரத்துக்கு 175 வாட், பத்து சரம் போட்டால் 1,750 வாட். பொடி பல்பு 100 உள்ள சரம் சுமார் 40 வாட் இழுக்கும். அதே அளவு எல்இடி சரத்துக்கு 5 முதல் 7 வாட் போதும். ஜன்னலோடு நிற்காமல் கூரை, மரம் என்று வீடு முழுக்கப் போக நினைக்கிற குடும்பத்துக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும், எல்இடிக்கு மாற.

எல்இடி வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, துடிப்பு. மலிவான செட்டுகள் திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தின் ஒரு பாதியில் மட்டும்தான் எரியும், மறு பாதியில் அணைந்திருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. தலையைச் சட்டென்று திருப்பினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். மாலை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் சிலருக்குத் தலை வலிக்கும். இரண்டாவது, வார்ம் ஒயிட் என்கிற மஞ்சள் கலந்த வெள்ளை. ஒரு வருடம் வாங்கியதும் அடுத்த வருடம் வாங்கியதும் ஒரே பெயரில் இருந்தாலும் ஒரே நிறத்தில் இருக்காது. ஒரே கூரை விளிம்பில் பாதி மஞ்சள், பாதி வெள்ளை என்று நின்றால் வீதியில் போகிறவர் கண்ணுக்கே உறுத்தும். கூரைக்கு வேண்டியதை உதிரியோடு சேர்த்து ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள்.

இனி இணைப்பு. மின்னாமல் போன ஒரு எல்இடி சரத்தைப் பிரித்துப் பார்த்தால் கதை புரியும். பிளாஸ்டிக் மூடியை இழுத்தால் உள்ளே எல்இடி நன்றாகவே இருக்கும். அதன் இரண்டு கால்களில் ஒன்று துருப்பிடித்து மெலிந்து, தொட்டால் ஒடிந்து கையில் வரும். ஒயர் முனையில் பச்சை பூத்திருக்கும். சரத்தில் ஒரு இடத்தில் இப்படி அறுந்தால் தொடர் இணைப்பில் இருக்கும் அத்தனையும் அணைந்துவிடும். அதனால் பல்பு கழற்ற முடியாதபடி அச்சிலேயே மூடி வார்த்த செட்டுகள்தான் எங்களிடம் நீண்ட காலம் நின்றன. தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற ஐபி எண்ணையும் பாருங்கள். ஐபி44 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், ஐபி65 என்றால் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். மழை நேராக விழுகிற இடத்துக்கு ஐபி65தான் என் தேர்வு.

பிளக்கும் பிளக்கும் சேருகிற இடத்தில் பலரும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டேப்புக்குள் தண்ணீர் எப்படியும் நுழையும், நுழைந்தது வெளியே வராது. இணைப்பின் வாய் கீழே பார்த்திருக்கட்டும், தரையைத் தொடக்கூடாது. ஒயர் கீழே ஒரு வளைவு விட்டு அப்புறம் மேலே ஏறி இணைப்புக்கு வரட்டும். வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இதற்கெல்லாம் மேல், வெளி லைன் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ட்ரிப் ஆகி, அதாவது தானாகவே கரண்டைத் துண்டிக்கிற எர்த் லீக்கேஜ் பிரேக்கரில்தான் இருக்க வேண்டும். குழந்தைகள் ஈரப் புல்லில் விளையாடுகிற வீட்டில் இதற்குப் பேச்சே கிடையாது. மழை நாளில் அடிக்கடி ட்ரிப் ஆனால் பிரேக்கரைத் திட்டாதீர்கள், ஈரமான இணைப்பைத் தேடுங்கள்.

பிக்சல் விளக்குகள் வேறு உலகம். டபிள்யூஎஸ்2811 சிப் வைத்த சரத்தில் ஒவ்வொரு பல்பையும் தனித்தனியாக நிறம் மாற்றலாம். சின்ன கன்ட்ரோலரில் டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளைப் போட்டால் போனிலேயே ஓட்டலாம். பாட்டுக்கு ஏற்ப ஆடவிட எக்ஸ்லைட்ஸ், அதுவும் இலவசம்தான். ஆனால் ஒரு பாட்டுக்கு ஒழுங்காக அமைக்கப் பல சாயங்காலங்கள் போய்விடும். எங்கள் வீட்டில் அந்த வேலை மகளுடையது, எனக்கு ஒயர் வேலை. நீள சரத்தில் வெள்ளை போட்டால் கடைசிப் பல்புகள் மஞ்சளாகி, அப்புறம் சிவப்பாகும். வோல்டேஜ் குறைய நீலம்தான் முதலில் மங்கும், அதனால்தான் இப்படி. மறு முனையிலும் பவர் கொடுத்தால் சரியாகிவிடும். 5 வோல்ட்டைவிட 12 வோல்ட் சரத்தில் இந்தத் தொல்லை குறைவு. வெளிச்சத்தை முப்பது சதவீதத்துக்கு இறக்கினால் பாதித் தொல்லை தானாகவே தீரும், பார்க்கவும் அதுதான் அழகு.

1882 இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 பல்புகளைக் கையால் ஒயர் போட்டுக் கட்டினார். 2013 இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரிச்சர்ட்ஸ் குடும்பம் தங்கள் வீட்டில் 5,02,165 விளக்குகள் போட்டு கின்னஸில் இடம்பிடித்தது. அடுத்த வருடமே நியூயார்க் மாநிலத்தின் கே குடும்பம் 6,01,736 என்று அதைத் தாண்டியது. எண்ணிக்கையைவிட எனக்குப் பிரமிப்பு, அத்தனை இணைப்புகளையும் சீசன் முழுக்க உயிரோடு வைத்திருந்த உழைப்பில்தான்.

மாட்டுகிற கிளிப், கேபிள் டை இரண்டிலும் வெள்ளையைவிடக் கறுப்பு நிலைக்கிறது. வெயிலில் வெள்ளை சீக்கிரம் நொறுங்குகிறது. ஆணி, ஸ்டேப்பிள் பக்கம் போகவே வேண்டாம், ஒயரைத் துளைத்துவிடும். கழற்றும்போது இழுக்காமல் ஒவ்வொரு கிளிப்பாக எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அட்டையில் சுற்றி, எந்த ஜன்னல், எந்தத் தூண் என்று எழுதி, எலி புகாத மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். அவசரமாகக் கழற்றிய வருடத்துக்கு அடுத்த வருடம்தான் அதிக செட் எரியாமல் இருந்திருக்கிறது.

டைமர் கட்டாயம் போடுங்கள். எங்கள் வீட்டில் இருட்டியதும் எரியும், பத்து மணிக்கு அணையும். எதிர் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக மின்னுகிற எதையும் வைப்பதில்லை. பாட்டு ஒலிபெருக்கியில் கிடையாது, வாசல் வரை மட்டும் கேட்கிற சின்ன ஸ்பீக்கர்தான். அதனால்தான் இத்தனை வருடத்தில் பக்கத்து வீட்டார் முகம் சுளித்ததில்லை. அவர்கள் பிள்ளைகளும் வந்து மரத்தில் சரம் சுற்றுகிறார்கள்.

இந்த வருடம் புதுப் பல்பு எதுவும் வாங்கவில்லை. கூரைக்குப் போகிற பழைய மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர்களை மட்டும் தடித்த ரப்பர் ஒயராக மாற்றுகிறோம்.