கிளார்க்கா, ஸ்டூவர்ட்டா?

பிரிட்டன் தந்த கார் பந்தய வீரர்களில் யார் பெரியவர் என்று பேச்செடுத்தால், லூயிஸ் ஹாமில்டனின் ஏழு ஃபார்முலா ஒன் உலகப் பட்டங்களைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் அவர் காலத்தில் கார் தடுப்பில் மோதினால், டிரைவர் பெரும்பாலும் கையை உதறிக்கொண்டு தானே இறங்கி வந்துவிடுவார். 1960களில் அப்படி இல்லை. அந்தக் காலத்தை அந்தக் காலத்தோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு எனக்குத் தோதான ஜோடி ஜிம் கிளார்க்கும் ஜாக்கி ஸ்டூவர்ட்டும்தான். இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், நண்பர்கள். மூன்று வயது வித்தியாசம். அதே காலத்து இன்னொரு பிரிட்டன் வீரர் கிரஹாம் ஹில்லை விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். மொனாக்கோ, இண்டியானாபோலிஸ் 500, லெ மான் என்ற மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற ஒரே ஆள் அவர். அவருக்குத் தனியாகவே எழுத வேண்டும்.

முதலில் எண்கள். கிளார்க் 72 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 25 வெற்றி, 33 முறை முதலிடத்திலிருந்து புறப்பாடு, இரண்டு பட்டங்கள் (1963, 1965). ஸ்டூவர்ட் 99 பந்தயங்களில் 27 வெற்றி, 17 முறை முதலிடப் புறப்பாடு, மூன்று பட்டங்கள் (1969, 1971, 1973). பட்டத்தை மட்டும் எண்ணினால் ஸ்டூவர்ட். விகிதம் பார்த்தால் கிளார்க், அதுவும் நல்ல இடைவெளியில். மூன்று பந்தயத்துக்கு ஒன்றுக்கு மேல் வென்றிருக்கிறார். இன்னொரு விநோதமும் உண்டு. கிளார்க் தன் ஃபார்முலா ஒன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் இரண்டாம் இடத்தில் முடித்தார், 1963 ஜெர்மனியில். கார் ஓடினால் ஜெயிப்பார், இல்லாவிட்டால் பெரும்பாலும் கார் வழியிலேயே நின்றிருக்கும்.

அந்தக் கார்தான் விஷயமே. கிளார்க் ஓட்டியது லோட்டஸ். அந்தக் கம்பெனியின் காலின் சாப்மன் எடையைக் குறைப்பதையே மந்திரமாக வைத்திருந்தவர். கார் பறக்கும், உடையவும் செய்யும். 1962இல் தென்னாப்பிரிக்காவில் கடைசிப் பந்தயம். கிளார்க் முன்னணியில் போய்க்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஒழுகி நின்றார், பட்டம் ஹில்லுக்குப் போனது. 1964இல் மெக்சிகோவில் மறுபடி அதே எண்ணெய், அதே கடைசிப் பந்தயம். இந்த முறை ஜான் சர்டீஸுக்கு லாபம். இரண்டு கசிவு, இரண்டு பட்டம். அப்படியும் கடைசிவரை கிளார்க் வேறு யாருக்கும் ஃபார்முலா ஒன் பட்டத்துக்காக ஓட்டவில்லை.

ஸ்டூவர்ட்டுக்கும் லோட்டஸில் இடம் தயாராக இருந்தது. வேண்டாம் என்று சொல்லி, 1965இல் பி.ஆர்.எம். அணிக்குப் போனார். பிறகு அணி நடத்திய கென் டிரெல்லிடம் சேர்ந்து மூன்று பட்டங்களையும் அவரோடுதான் வென்றார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இந்த ஒரு முடிவிலேயே தெரிகிறது. கிளார்க் தன் திறமையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டார். ஸ்டூவர்ட் எதையும் யாரிடமும் முழுசாக ஒப்படைக்கவில்லை.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தை கிளார்க் வெறுத்தார். 1960இல் அங்கே ஒரே பந்தயத்தில் இரண்டு டிரைவர்கள் செத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதில் ஒருவர் அவருடைய லோட்டஸ் சகா. அந்தத் தடத்தில் அப்புறம் 1962 முதல் 1965 வரை நான்கு வருடமும் அவரே ஜெயித்தார்! 1963இல் எட்டாவது இடத்திலிருந்து கிளம்பினார். நடுவில் கியர் தங்காமல் கழன்று கழன்று வர, ஒரு கையால் கியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். மழையும் கொட்டியது. கிட்டத்தட்ட ஐந்து நிமிட வித்தியாசத்தில் வென்றார்.

ஸ்டூவர்ட்டிடம் இதற்குப் பதில் உண்டு. 1968, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடம். ஒரு சுற்றே 22 கிலோமீட்டருக்கு மேல். மழை, மூடுபனி, போதாததற்கு எலும்பு முறிந்து குணமாகிக்கொண்டிருந்த மணிக்கட்டு. நான்கு நிமிட வித்தியாசத்தில் வென்றார். சுத்த ஓட்டத்தில் நான் இன்னமும் கிளார்க் பக்கம்தான், ஆனால் இந்த ஒரு பந்தயத்தை நினைத்தால் கொஞ்சம் தடுமாறுவேன்.

அதே ஸ்பாதான் ஸ்டூவர்ட்டை வேறு ஆளாக்கியது. 1966, முதல் சுற்றிலேயே திடீர் மழை. கார் தடத்தை விட்டுப் பறந்து நொறுங்கியது; ஸ்டீயரிங் அவர் காலை நெரித்துப் பிடித்துக்கொண்டது. கிழிந்த டாங்கிலிருந்து பெட்ரோல் உடம்பெல்லாம் நனைத்தது. ஒரு பொறி போதும். 25 நிமிடம் அப்படியே கிடந்தார். அதே மழையில் வழுக்கி நின்ற ஹில்லும் பாப் பாண்டுரண்டும் ஓடி வந்தார்கள். ஸ்டீயரிங்கைக் கழற்ற ஸ்பானர் வேண்டும். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடமிருந்து. பிறகு சிகரெட் துண்டுகள் கிடந்த தரையில் அவரைப் படுக்க வைத்தார்கள். ஆம்புலன்ஸோ லியேஜ் ஆஸ்பத்திரிக்கு வழி தவறியது.

அதற்கப்புறம் ஸ்டூவர்ட் தன் காரில் ஒரு ஸ்பானரை டேப் போட்டு ஒட்டிக்கொண்டுதான் ஓட்டினார். தனக்கென ஒரு டாக்டரையும் பந்தயங்களுக்கு அழைத்து வந்தார். தடுப்புகள், சீட் பெல்ட், மருத்துவ வசதி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1969இல் ஸ்பா பந்தயமே நடக்காமல் போனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பயந்தாங்கொள்ளி என்று திட்டியவர்கள் நிறைய. நூர்பர்க்ரிங்கை அந்த மழையில் நான்கு நிமிட வித்தியாசத்தில் வென்றவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

கிளார்க் இந்தச் சண்டை எதிலும் முன்னால் நின்றதில்லை. அவர் கூச்ச சுபாவி, நகம் கடிப்பவர், பந்தயம் முடிந்தால் பண்ணைக்குப் போகத் துடிப்பவர். அவருடைய லாவகமே பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பினார்கள். 1968 ஏப்ரல் 7, ஜெர்மனியின் ஹோக்கன்ஹைம். பட்டத்தோடு சம்பந்தமே இல்லாத, ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழான ஃபார்முலா டூ பந்தயம். ஈரத் தடத்தில் கார் விலகி மரங்களில் மோதியது. பின் டயர் காற்று இறங்கியதுதான் காரணம் என்று பரவலாக நம்பப்படுகிறது. அந்த இடத்தில் தடுப்பு இல்லை. அவருக்கு வயது 32. அடுத்து மே 7, ஜூன் 8, ஜூலை 7 என்று மாதம் ஒரு டிரைவர் செத்தார். ‘அவருக்கே இந்தக் கதி என்றால்’ என்ற பயம் அந்த வருடம்தான் எல்லோருக்குள்ளும் இறங்கியது. ஸ்டூவர்ட் சொன்னதைக் காதில் வாங்க ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1973இல் ஸ்டூவர்ட் ஓய்வை ரகசியமாக முடிவு செய்து வைத்திருந்தார். கடைசிப் பந்தயம் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென், அவருக்கு அது நூறாவது. பயிற்சி ஓட்டத்தில் அவருடைய அணித் தோழர், தம்பி மாதிரி வளர்த்த பிரான்சுவா செவர், தடுப்பில் மோதி இறந்தார். டிரெல் அணி பந்தயத்திலிருந்து விலகியது. அதனால்தான் ஸ்டூவர்ட்டின் கணக்கு 99இல் நிற்கிறது.

கிளார்க்கை ஸ்காட்லாந்தின் சர்ன்சைட் ஊரில் அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் பெயருக்கு அடுத்து முதலில் விவசாயி என்றுதான் இருக்கிறது. உலக சாம்பியன் என்பது அதற்குக் கீழே.