கார் சர்வீஸ் பில்: பழைய பார்ட்ஸைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்

சென்னை வேளச்சேரி பக்கம் ஒரு மல்டி பிராண்ட் கார் ஒர்க்‌ஷாப்பில் நடந்தது இது. புகார் இன்னும் முடியவில்லை என்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

என் ஸ்விஃப்ட்டில் பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம் வந்தது. முன்பக்க பேட் மாற்றி, டிஸ்க்கை லேத்தில் கொடுத்து எடுத்தால் சரியாகிவிடும், நாலாயிரத்து ஐந்நூறுக்குள் முடியும் என்று சொல்லித்தான் வண்டியை விடச் சொன்னார்கள். சாயங்காலம் நீட்டிய பில் 14,573 ரூபாய். பேட் 2,650, டிஸ்க் வேலை 1,200, முன் வீல் பேரிங் இரண்டு 5,200, அதற்குக் கூலி 2,400, இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜினை உள்ளே கழுவி எடுப்பது) 900. எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம்.

பேரிங் மாற்ற யார் சொன்னது என்று கேட்டேன். "சத்தம் வந்துச்சு சார், உங்க சேஃப்டிக்காகத்தான் பண்ணோம்" என்றார் சூப்பர்வைசர். ஒரு போன் கூட வரவில்லை. சரி, பழைய பேரிங்கைக் கொடுங்கள் என்றால், "ஸ்கிராப்காரர் மத்தியானமே எடுத்துட்டுப் போயிட்டார் சார்." அன்று மத்தியானம் கழற்றிய பொருள், அன்று மத்தியானமே ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்!

முழுப் பணம் கட்டாமல் சாவி தரமாட்டோம் என்றார்கள். செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அது செய்த வேலைக்குத்தான். அங்கே நின்று கத்திப் பயனில்லை. 'பேரிங், ஃப்ளஷ் இரண்டுக்கும் நான் ஒப்புதல் தரவில்லை, ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று பில்லிலேயே எழுதி, படம் பிடித்து, அவர்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கே அனுப்பிவிட்டு, யுபிஐயில் கட்டினேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது இந்த ஒரு மெசேஜ்தான்.

மறுநாள் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் காட்டினேன். வீலைக் கழற்றியதும் ஆக்சில் நட்டைக் காட்டினார். துருவும் காய்ந்த சேறும் அப்படியே அப்பியிருந்தன. அந்த நட்டைக் கழற்றாமல் முன் பேரிங்கை வெளியே எடுக்கவே முடியாது. ஸ்பேனர் பட்ட தடம்கூட இல்லை. இரண்டு பக்கமும் வீடியோ எடுத்துக்கொண்டேன்.

பேட் மட்டும் உண்மையாகவே புதுசு. அதன் அட்டைப்பெட்டி டிக்கியில் கிடந்தது. அதில் எம்ஆர்பி 1,890. எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் சேர்ந்த விலை. அதைவிட 760 ரூபாய் கூட்டிப் போட்டு, அதற்கும் மேலே ஜிஎஸ்டி! இது பேரம் பேசும் விஷயமே இல்லை, சட்டப்படி தவறு. இன்னொன்று, அந்த பில்லில் ஜிஎஸ்டி எண்ணே கிடையாது. தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் ஆரம்பிக்கும் 15 இலக்க எண் இருக்க வேண்டும். எண் இல்லாதவர் நம்மிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவே முடியாது. எண் இருந்தாலும் ஜிஎஸ்டி தளத்தில் தட்டிப் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிந்தேன். புகார் எண், வீடியோ, பெட்டியின் படம், ஆட்சேபம் எழுதிய பில் எல்லாவற்றையும் ஓனருக்கு அனுப்பினேன். அதுவரை போனை எடுக்காதவர் அவரே கூப்பிட்டார். "பசங்க தப்பா பில் போட்டுட்டாங்க சார்" என்று பேரிங், கூலி, அதன் வரி சேர்த்து 8,968 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். உண்மையிலேயே பில் போட்டதில் தவறு என்றால், ஸ்கிராப்காரர் எடுத்துப்போனது எந்தப் பேரிங்கை?

பேட் விலைக்கும் ஃப்ளஷ்ஷுக்கும் பிடிகொடுக்கவில்லை. எம்ஆர்பிக்கு மேல் விற்றதற்குத் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் புகார் கட்டணம் கிடையாது, புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் இருக்கிறது. வேளச்சேரி பக்கம் சமீபத்தில் வண்டியை சர்வீஸுக்கு விட்டவர்கள் பில்லை எடுத்து, ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.